‘டெட்’ என்ற சொல்லில் ஒலிக்காத பி: யார் போட்டது, எங்கிருந்து வந்தது?

பேரேடு எழுதியது:

வணக்கம். என் தொழில் கணக்கு எழுதுவது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. நேற்று ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் டிக்டேஷன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்தச் சொல்லின் நடுவில் வரும் பி-யை விட்டிருந்தாள். சிவப்பு மையில் சுழித்திருந்தது. “சொல்லும்போது இல்லாத எழுத்து எழுதும்போது மட்டும் எதுக்குப்பா?” என்று கேட்டாள். “அந்தக் காலத்தில் உச்சரித்திருப்பார்கள், நாளடைவில் தேய்ந்து போயிருக்கும்” என்று சமாளித்துவிட்டேன். அவள் விளையாடப் போய்விட்டாள், எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் சொன்னது சரிதானா?

நுனிப்புல் எழுதியது:

சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், கவலை வேண்டாம். கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’, வீரனைக் குறிக்கும் ‘நைட்’ இரண்டிலும் முதலில் ஒரு கே நிற்கிறதே, அதை ஒரு காலத்தில் ‘க்நைஃப்’ என்று சொல்லித்தான் வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் அந்த ஒலி விழுந்தது. எழுத்து அப்படியே தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் வாய் திறக்காத எழுத்து எல்லாமே செத்துப்போன ஒலிக்கு நட்ட நடுகல்தான். பி-யும் அப்படித்தான்.

வேர்க்கால் எழுதியது:

கே விஷயம் சரி, நுனிப்புல். ஆனால் ‘எல்லாமே’ என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. ‘டெட்’டில் உள்ள பி ஆங்கிலேயர் வாயில் ஒருநாளும் ஒலித்ததில்லை. அது தேய்ந்துபோன எழுத்து இல்லை, பிற்பாடு கொண்டுவந்து செருகிய எழுத்து.

கதையை லத்தீனிலிருந்து தொடங்குகிறேன். ‘ஹபேரே’ என்றால் வைத்திருத்தல். அதன் முன்னால் ‘டே’ என்ற ஒட்டைச் சேர்த்தால் ‘டெபேரே’. அடுத்தவனுடையதை அவனிடம் சேர்க்காமல் நம் கையில் வைத்திருத்தல், அதாவது கடன்பட்டிருத்தல். கடன் என்பதற்கு இதைவிடப் பச்சையான விளக்கம் கிடையாது. அந்த வினையிலிருந்து ‘டெபிட்டும்’, கொடுக்கவேண்டியது. அதன் பன்மை ‘டெபிட்டா’.

ஏட்டு லத்தீன் இப்படி இருக்க, பேச்சு லத்தீன் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ‘டெபிட்டா’ என்ற பன்மையை ஜனங்கள் ஒருமையாகவே எடுத்துக்கொண்டார்கள். சொல்லின் அழுத்தம் முதல் அசையில் இருந்ததால் நடுவில் இருந்த இகரம் விழுந்துபோனது. இகரம் போனதும் பி-யும் டி-யும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ‘டெப்ட்டா’ என்று வேகமாக நாலு தடவை சொல்லிப்பாருங்கள், நாக்கே பி-யை விழுங்கிவிடும். பழைய பிரெஞ்சுக்கு வந்து சேரும்போது அது ‘டெட்டெ’ ஆகிவிட்டது. ஆக, பி செத்தது பிரெஞ்சு மண்ணில்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பிறகு கோர்ட், வரி, நிலம், கடன் எல்லாம் அவர்கள் பேசிய பிரெஞ்சில்தான். ‘டெட்டெ’யும் அந்தக் கூட்டத்தோடு கப்பல் ஏறி வந்தது. 1300வாக்கில் அது ஆங்கிலச் சொல்லாகவே புழங்கத் தொடங்கிவிட்டது. அப்போது எழுதும்போதும் பி இல்லை, சொல்லும்போதும் பி இல்லை.

பேரேடு எழுதியது:

அடடா. அப்படியானால் பிள்ளை எழுதியது தப்பு, நான் சொன்னதும் தப்பு. பி இல்லாமல் எழுதினார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது அத்தாட்சி கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறதா? கணக்கெழுதுகிறவன் புத்தி, வவுச்சர் இல்லாமல் எதையும் பதிய மனசு வராது.

வேர்க்கால் எழுதியது:

நல்ல வவுச்சரே இருக்கிறது. பைபிளில் மத்தேயு 6ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்ற வேண்டுதல். ஒரே வரி, மூன்று காலம்.

ஜெரோமின் லத்தீன் பைபிளில் அந்த இடத்தில் ‘டெபிட்டா’ என்று இருக்கிறது. பி உண்டு, வாயிலும் உண்டு. அந்த லத்தீனைப் பார்த்து 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் விக்ளிஃப் குழுவினர் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது எழுதியது ‘டெட்டிஸ்’. மூலத்தில் பி கண்ணெதிரே நிற்கிறது, இருந்தும் அவர்கள் அதைத் தொடவில்லை. ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதிவிட்டார்கள். பிறகு 1611இல் ஜேம்ஸ் மன்னர் பைபிள் வருகிறது. அங்கே பார்த்தால் நடுவில் பி குந்தியிருக்கிறது.

அதே 14ஆம் நூற்றாண்டில் சாசர் தன் கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஒரு வணிகனை வர்ணிக்கிறார். ஆள் மிடுக்காக இருப்பான், லாபத்தைப் பற்றியே பேசுவான், அவன் கடனில் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கடனையும் சாசர் பி இல்லாமல்தான் எழுதியிருக்கிறார்.

விக்ளிஃபுக்கும் 1611க்கும் இடையில்தான் செருகல் நடந்திருக்கிறது. மறுமலர்ச்சிக் காலம் அது. லத்தீன் தெரிந்தவர்தான் படித்தவர். பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தேய்ந்த செருப்பாகத் தெரிந்தன. மூலத்தில் பி இருக்கிறதே, அதை எழுத்திலாவது திருப்பி வைப்போம் என்று வைத்துவிட்டார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் ‘டவுட்’டுக்கும் இதே வைத்தியம். லத்தீனில் ‘டுபிட்டாரே’, பிரெஞ்சில் பி இல்லாமல் ‘டூத்தே’, ஆங்கிலத்திலும் முதலில் பி இல்லை, பிறகு உண்டு.

இரட்டைமேற்கோள் எழுதியது:

ஒரு நிமிஷம். ஒருநாளும் ஒலித்ததில்லை என்று அவ்வளவு அடித்துச் சொல்லலாமா? ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்று ஒரு வாத்தியார் வருவார். டவுட், டெட் இரண்டிலும் பி-யை உச்சரித்தே ஆகவேண்டும் என்று அவர் சண்டைக்கு நிற்பார். எழுத்தெழுத்தாக வேறு சொல்லிக் காட்டுவார். அது அச்சில் வந்தது 1598இல். அப்படி உச்சரித்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

வேர்க்கால் எழுதியது:

நல்ல பிடி. ஆனால் அது உங்கள் கட்சிக்கு அல்ல, என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. அவர் யாரைத் திட்டுகிறார்? பி இல்லாமல் பேசுகிறவர்களை. ஏன் திட்டவேண்டி வந்தது? ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அந்தக் காட்சியில் கூட்டம் சிரித்ததற்குக் காரணமே எழுதியதை அப்படியே வாசிக்கச் சொல்லும் அந்த வாத்தியாரின் கிறுக்குத்தான். பாதிப்பேர் பி-யோடு பேசியிருந்தால் அங்கே சிரிப்பு ஏது?

ஹோலோஃபெர்னஸ் மாதிரி ஓரிருவர் வகுப்பறையில் ‘டெப்ட்’ என்று வலிந்து சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் வாதாடினால் மறுக்கமாட்டேன். ‘ஒருநாளும்’ என்று நான் சொன்னதைப் பொதுவழக்கில் என்று திருத்திக்கொள்கிறேன்.

இரட்டைமேற்கோள் எழுதியது:

திருத்தம் ஏற்கப்பட்டது. இன்னொன்றும் கேட்கிறேன். பி-யைப் போட்டது லத்தீன் பண்டிதர்கள் என்கிறீர்கள். அச்சுக்காரர்கள் வேலையாக இருக்கக்கூடாதா? பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டில் ஹெச் வந்தது அப்படித்தான் என்று படித்திருக்கிறேன்.

வேர்க்கால் எழுதியது:

கோஸ்ட்டில் வந்த ஹெச் கேக்ஸ்டன் அச்சகத்துச் சரக்கு, உண்மைதான். அவர் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போடுவதற்கு முன்னால் பல வருஷம் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிளாண்டர்ஸ் பக்கம் இருந்தவர், அந்த ஊர் எழுத்துமுறை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ‘டெட்’டின் பி-க்கு அந்தப் பழி பொருந்தாது. அது லத்தீனைப் பார்த்துச் செய்தது. இன்னும் ஒன்று சொல்லவேண்டும், முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். பிரெஞ்சுக்காரர்களே 13ஆம் நூற்றாண்டிலிருந்து 16 வரை இந்தச் சொல்லை இடையிடையே பி போட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே லத்தீன் மோகம்தான். ஆங்கில எழுத்தர்கள் லத்தீனை மட்டுமல்ல, இந்தப் பிரெஞ்சு எழுத்தையும் பார்த்திருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு பி-யைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இன்றைய பிரெஞ்சில் பி கிடையாது. பழக்கிவிட்டவன் விட்டுவிட்டான், பழகியவன் விடவில்லை.

பழம்பாடம் எழுதியது:

தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்ததும் நன்னூலில் வரும் வடமொழியாக்கம்தான் ஞாபகம் வருகிறது. கமலம், காரணம் என்று மூலம் மாறாமல் வந்தால் தற்சமம். பங்கஜம் பங்கயம் ஆனதுபோல நம் நாக்குக்கு ஏற்றபடி திரிந்து வந்தால் தற்பவம். பேரேடு தம்பி தினமும் போடும் ‘டெபிட்’ இருக்கிறதே, அதுவும் ‘டெபிட்டும்’ என்பதிலிருந்து வந்ததுதானே? அது தற்சமம் மாதிரி. ‘டெட்’ தற்பவம் மாதிரி. ஒரே தாய்க்குப் பிறந்து ஒன்று தாய் வீட்டிலேயே வளர்ந்தது, ஒன்று ஊர் சுற்றி வந்தது. சரியா ஐயா?

வேர்க்கால் எழுதியது:

ரொம்பச் சரி ஐயா. ‘டெபிட்’டை 15ஆம் நூற்றாண்டில் லத்தீன் ஏட்டிலிருந்து நேராகவே எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். ‘டெட்’ பிரெஞ்சு வாயில் பல நூற்றாண்டு அரைபட்டு வந்தது. ஆங்கிலத்தில் இப்படி ஜோடி ஜோடியாகக் கிடக்கின்றன. ‘ஃப்ராஜைல்’ லத்தீன் முகம், ‘ஃப்ரெய்ல்’ பிரெஞ்சு முகம். ‘செக்யூர்’ லத்தீன், ‘ஷூர்’ பிரெஞ்சு. ‘கம்ப்யூட்’ லத்தீன், ‘கவுண்ட்’ பிரெஞ்சு.

ஓர் இடத்தில் மட்டும் நன்னூல் உவமை நொண்டும். பங்கயத்தைப் பங்கயம் என்றே எழுதினோம், பங்கயம் என்றே சொன்னோம். ‘டெட்’டை என்ன செய்தார்கள்? வாயில் தற்பவமாகவே விட்டுவிட்டு, ஏட்டில் மட்டும் தற்சமத்தின் சட்டையை மாட்டிவிட்டார்கள். பங்கயம் என்று சொல்லிக்கொண்டே பங்கஜம் என்று எழுதுவதுபோல.

பழம்பாடம் எழுதியது:

அருமை. இப்படி ஒரு கூத்து நன்னூலாருக்கு அகப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு சூத்திரம் எழுதியிருப்பார்.

பேரேடு எழுதியது:

ஆக, டெட், டெபிட், கடன்பட்டவரைக் குறிக்கும் டெட்டர் எல்லாம் ஒரு குடும்பம். ‘டிபெஞ்சர்’ இதில் சேருமா? கடன்பத்திரத்துக்குச் சொல்கிறோமே. அப்புறம் எங்கள் தொழிலில் ஒரு பழைய புதிர் உண்டு. பற்றுப் பக்கத்தில் ‘டி.ஆர்.’ என்று போடுகிறோம். ‘டெபிட்’டில் ஆர் எங்கே இருக்கிறது? பயிற்சிக்கு வரும் பையன்கள் தவறாமல் கேட்பார்கள், நானும் தவறாமல் முழிப்பேன்.

வேர்க்கால் எழுதியது:

டிபெஞ்சர் சேரும், அதுவும் ரொம்ப நேரடியாக. லத்தீனில் ‘டெபென்டுர்’ என்றால் ‘இவை கொடுக்கப்படவேண்டியவை’. பழைய கடன் சீட்டுகளில் இன்னார்க்கு இவை தரப்படவேண்டும் என்று எழுதும்போது வரும் வினை. அந்த வினைமுற்றே சீட்டுக்குப் பெயராகிவிட்டது. ‘டி.ஆர்.’ உங்கள் ‘டெட்டர்’தான். பழைய ஆங்கிலப் பேரேடுகளில் பக்கத் தலைப்பே டெட்டர், கிரெடிட்டர் என்று ஆளைக் குறித்துத்தான் இருந்தது. டெபிட் என்ற சொல்லைச் சுருக்கியதில்லை.

பிரெஞ்சு வழியாக வந்த உறவினர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘டெபேரே’ பிரெஞ்சில் ‘தெவ்வார்’ ஆனது. அதன் எச்சவடிவத்திலிருந்து ‘டியூ’, அதிலிருந்து ‘டியூட்டி’. நாம் டியூட்டிக்குப் போகிறேன் என்று சொல்லும்போது மூலத்தின்படி கடனடைக்கப் போகிறோம். கடன் என்ற தமிழ்ச் சொல்லுக்கும் கடமை, திருப்பித்தரவேண்டியது என்று இரண்டு பொருளும் இருப்பதைப் பழம்பாடம் ஐயாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நுனிப்புல் எழுதியது:

என் நடுகல் கொள்கை சாய்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சமாதானம்: பி-யைப் போட்டவர்கள் தப்பாகப் போடவில்லையே. மூலத்தில் இருந்ததைத்தானே போட்டார்கள். சொல்லின் பூர்வீகம் தெரிகிறது, டெபிட்டோடு உறவு தெரிகிறது. நல்லதுதானே?

இரட்டைமேற்கோள் எழுதியது:

இந்தச் சொல்லில் தப்பில்லை. மற்ற இடத்தில் கையும் களவுமாக மாட்டியிருக்கிறார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’. அது லத்தீனே இல்லை, பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், அதில் எஸ் என்ற பேச்சே கிடையாது. பிரெஞ்சிலிருந்து வந்த ‘ஐல்’ என்ற இன்னொரு சொல்லுக்கு லத்தீன் ‘இன்சுலா’ மூலம், அதில் எஸ் உண்டு. இரண்டும் தீவுதானே என்று இதற்கும் ஒரு எஸ் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் தாத்தா படத்தை நம் வீட்டில் மாட்டி மாலை போட்ட கதை.

வேர்க்கால் எழுதியது:

பேரேடுக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. உயர்ந்த தணிக்கைப் பதவிகளில் ‘கம்ப்ட்ரோலர்’ என்று எழுதி ‘கன்ட்ரோலர்’ என்று வாசிக்கிறார்களே, அது. மூலம் பிரெஞ்சில் ‘கோந்த்ர-ரோல்’, அதாவது எதிர்ச்சுருள். வரவு செலவு ஒரு சுருளில் எழுதப்படும், அதைச் சரிபார்க்க இன்னொரு சுருள் தனியாக வைத்திருப்பார்கள். இரண்டாவது சுருளைக் கையில் வைத்திருந்தவர்தான் கன்ட்ரோலர். அடக்கி ஆளுதல் என்ற பொருளெல்லாம் பின்னால் வந்தது, முதலில் அது நகல் ஏட்டை வைத்து ஒத்துப்பார்க்கும் வேலைதான். பிறகு யாரோ, கணக்கு சம்பந்தப்பட்ட பதவி ஆயிற்றே, கணக்கைக் குறிக்கும் பிரெஞ்சு ‘கோந்த்’தான் முதல் பாதி என்று நினைத்து அந்தச் சொல்லின் எம், பி (இது பேப்பரில் வரும் பி) இரண்டையும் உள்ளே செருகிவிட்டார்கள். அதற்கு லத்தீன் மூலம் ‘கம்ப்யூட்டாரே’, எண்ணுதல். எதிர் என்ற பொருளுள்ள சொல்லுக்கு எண்ணுதல் என்ற சொல்லின் வேஷம். கணக்கில் தவறு கண்டுபிடிக்கவேண்டிய பதவியின் பெயரிலேயே தவறு.

‘அக்கவுண்ட்’டையும் கொஞ்ச காலம் இந்த எம், பி போட்டு எழுதிப்பார்த்தார்கள். அதற்கு அது நியாயமான பூர்வீகம்தான். ஆனாலும் நிற்கவில்லை. பொய் வழக்கு ஜெயித்தது, மெய் வழக்கு தள்ளுபடி.

நுனிப்புல் எழுதியது:

செருகின எழுத்து எதுவுமே கடைசிவரை வாய்க்கு வரவில்லையா? எழுதி எழுதி, பார்த்துப் பார்த்து, ஒன்றாவது உச்சரிப்பில் ஏறியிருக்காதா?

வேர்க்கால் எழுதியது:

ஏறியிருக்கிறது. ‘ஃபால்ட்’. பிரெஞ்சு ‘ஃபோத்’தில் எல் இல்லை, ஆங்கிலத்தில் முதலில் வந்தபோதும் இல்லை. லத்தீனில் ‘ஃபல்லேரே’ என்று எல் இருப்பதைப் பார்த்துப் போட்டார்கள். வெகுகாலம் சும்மாதான் இருந்தது. 1770இல் வந்த ‘டெசர்ட்டட் வில்லேஜ்’ கவிதையில் கோல்ட்ஸ்மித் அந்தச் சொல்லை ‘ஆட்’ என்று ஒலிக்கும் சொல்லுக்கு இயைபாகப் போடுகிறார். எல்-லைச் சொன்னால் அந்த இயைபு கெட்டுவிடும். ஆக அதுவரைக்கும் எல் இல்லாமல் சொல்லும் வழக்கு இருந்திருக்கிறது. இன்று எல் இல்லாமல் ஃபால்ட்டைச் சொல்லிப்பாருங்கள், உங்களைத் திருத்துவார்கள். ‘அட்வென்சர்’ அதேபோல. சாசர் காலத்தில் ‘அவென்ச்சர்’தான், டி பிறகு நுழைந்தது. ‘பெர்ஃபெக்ட்’டும் அப்படித்தான், பழைய வடிவம் ‘பார்ஃபிட்’.

அப்படிப் பார்த்தால் ஹோலோஃபெர்னஸ் வாத்தியார் டெட்டில் தோற்றார், ஃபால்ட்டில் ஜெயித்துவிட்டார்.

பேரேடு எழுதியது:

மகளிடம் முழுக்கதையும் சொன்னேன். நேற்று சொன்னது தப்பு என்றும் ஒத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு “அப்ப நான் எழுதினதுதான் பழைய ஸ்பெல்லிங்கா?” என்றாள். ஆமாம், சாசர் கூட ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார் என்றேன். அரை மார்க்கைத் திருப்பிக் கேட்கப்போகிறாளாம்.

அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. நான் வைத்திருந்த ‘ரிசீட்’ கட்டைப் பார்த்து அதில் இருக்கும் பி-யும் இதே கேஸா என்றாள். தமிழில் எழுதினால் இரண்டும் பி-யாகவே தெரிகிறது, இது பேப்பரில் வரும் பி, முன்னது பஸ்ஸில் வரும் பி. ரசீது என்று நாம் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதானே? ஏமாற்றைக் குறிக்கும் ‘டிசீட்’டும் இதே மாதிரி ஒலிக்கிறது, அதில் மட்டும் ஏன் பி இல்லை என்கிறாள்.

வேர்க்கால் எழுதியது:

அதே கேஸ்தான். லத்தீனில் பேப்பர் பி-யோடு ‘ரெசெப்டா’, பெற்றுக்கொண்டது. பிரெஞ்சில் பி போனது, ஆங்கிலத்தில் எழுத்தில் மட்டும் திரும்பி வந்தது. ரசீது இதிலிருந்து வந்ததில்லை. அது பாரசீகச் சொல், வந்துசேர்ந்தது என்ற பொருளில். இரண்டும் ஒலியில் ஒத்துப்போனது தற்செயல்.

டிசீட்டுக்கும் லத்தீனில் அதே பி உண்டு. அந்தக் காலத்தில் சிலர் அதற்கும் பி போட்டு எழுதியிருக்கிறார்கள். அதில் நிலைக்கவில்லை, ரிசீட்டில் நிலைத்துவிட்டது. அதற்கு விதி என்று ஒன்றும் கிடையாது. மார்க் கேட்கப் போகும்போது சாசர் பெயரைச் சொல்லட்டும், திருத்தம் எழுதச் சொன்னால் மட்டும் பஸ் பி-யைப் போட்டே எழுதச் சொல்லுங்கள்.